ஐந்து மைக்கிரோனுக்குக் கீழே

மூன்றாம் மாடி ஏறுவதற்குப் பிறெடிக்கு நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே படியில் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியவன். இப்போது முதலாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவுக்கு முன்னால் ஒருதரம், வளைவில் ஒருதரம், இரண்டாம் மாடியில் ஒருதரம், கடைசியாகத் தன் வாசலில் ஒருதரம். நிற்கிற நேரம் பார்த்து யாராவது கதவைத் திறந்துவிட்டால் சப்பாத்துக் கயிறு கட்டுகிறவன்போலக் குனிந்துகொள்வான். காலில் கிடந்ததோ செருப்பு.

யோகேஸ்வரி பின்னால் ஏறி வந்தாள். ஒரு கையில் ஆஸ்பத்திரியில் எடுத்த படங்கள் போட்ட பெரிய உறை, மற்றக் கையில் மரக்கறிப் பை. பிடித்து ஏற்றப் போனால் அவனுக்குக் கோபம் வரும். ஆகவே தனக்கும் மூச்சு வாங்குவதுபோல அவளும் நின்று நின்று ஏறினாள். பதினாறு வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தினால் இந்த நடிப்பெல்லாம் தானாகவே வந்துவிடும்.

அவள் வெள்ளவத்தைச் சைவப் பிள்ளை. அவன் கொட்டாஞ்சேனையில் மாதா கோவில் மணிக்கு எழும்பி வளர்ந்த கத்தோலிக்கன். கலியாணத்துக்கு இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பிறெடிக்கு ஹெந்தளையில் வேலை. மஷூர் ஹாஜியாரின் கல் பட்டறை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலைப் பார்த்துக்கொண்டு எழும்புகிற மாடிவீடுகளுக்கெல்லாம் குசினி மேசைக்குப் போடுகிற மினுங்கல் கல்லை அங்கேதான் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்கள். மலையில் உடைத்த கல் இல்லை. கல்மாவைப் பசையில் குழைத்து, அமுக்கி, பலகையாக வார்த்து வெளிநாட்டிலிருந்து வருகிற கல். அதற்குள் கழுவுதொட்டிக்கு ஓட்டை போட வேண்டும், ஓரத்தை உருட்ட வேண்டும். கிரைண்டரை வைத்தால் பட்டறை முழுக்க வெள்ளைப் புகை. சாயங்காலம் வெளியே வருகிற ஏழு பேரும் பாண் பேக்கரியில் மாவுக்குள் விழுந்து எழும்பினவர்கள் மாதிரி இருப்பார்கள்.

பிறெடிக்கு இருமல் தொடங்கி ஒரு வருடம். சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் படம் சரியில்லை என்று ஆறு மாதம் காசநோய்க் குளிசை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போனது, உடம்பு வற்றியது, இருமல் மட்டும் அப்படியே இருந்தது. அன்று பார்த்தது புது டொக்டர், ஒரு பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இது கல் வெட்டுகிறவர்களின் நெஞ்சு மாதிரி இருக்கிறதே, பட்டறைத் தூசியை எப்போதாவது பரிசோதித்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

பிறெடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனைத் தட்டி ஒரு படத்தைக் காட்டினான். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த அறிக்கை. பட்டறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதைப் படம் பிடித்து வைத்திருந்தான். இதைச் செய்தது யார் என்று டொக்டர் கேட்க, "மகே நோனா," என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினான். என் மனைவி என்று சொல்வதில் அவனுக்கு இன்னும் ஒரு பெருமை இருந்தது.

டொக்டர் இரண்டுதரம் வாசித்தார். தூசித் துணிக்கையின் சராசரிப் பருமன் நாற்பத்தொரு மைக்கிரோன். ஐந்துக்குக் கீழே நூற்றுக்கு இரண்டு. இவ்வளவு பெரிய துணிக்கை என்றால் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும், ஐந்துக்குக் கீழே இருந்தால்தானே நெஞ்சின் அடிவரைக்கும் போகும் என்றார். அப்படியானால் வேறு வருத்தமாக இருக்க வேண்டும், நெஞ்சில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு கிழமை தள்ளித் திகதி கொடுத்தார். வேலைக்குப் போகலாமா என்று பிறெடி கேட்டான். பாரம் தூக்காவிட்டால் போகலாம் என்றார். அவன் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பீற்றருக்கு போன் எடுத்தான். பீற்றர் அவன் தங்கச்சியின் புருசன், பட்டறையில் அடுத்த கிரைண்டர்காரன். அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் பிறெடிதான். திங்கட்கிழமை வருகிறேன் மச்சான் என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி, போனை மேசையில் வைத்துவிட்டு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யோகேஸ்வரி சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். நாற்பத்தொன்று என்ற அந்த இலக்கம் அவளை விடவில்லை. மூன்று வருடமாகத் தெரிந்த இலக்கம்தான். ஆனால் டொக்டரின் வாயால், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது அது அந்நியமாக இருந்தது. அன்று அந்தத் தூளை எப்படி எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தாள். பாலை ஊற்றிவிட்டுக் கிண்ட மறந்து நின்றாள். சொதி அடுப்பில் திரைந்துபோய்விட்டது. பிறெடி அதையும் ருசி என்று சொல்லி இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டான்.

அவள் வேலை செய்கிற பரிசோதனைக்கூடம் வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது. கீழே சாப்பாட்டுக்கடை, நாலாம் மாடியில் இலத்திரன் நுணுக்குக்காட்டி. பெரிய குளிர்சாதனப் பெட்டியளவு மெஷின். பொருளை உள்ளே வைத்து மூடிக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இலத்திரன் கதிரால் அதைத் தடவிப் பார்க்கும். மயிரைக் காட்டினால் தென்னைமரம்போலத் தெரியும். கடற்கரையால் ரயில் போனால் படம் நடுங்கும். எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று அங்கே எல்லோருக்கும் பாடம். ரயில் தாண்டும் வரைக்கும் யாரும் படம் எடுக்க மாட்டார்கள், அந்த நேரம் தேத்தண்ணி குடிப்பார்கள்.

தூசி அளக்கிற வேலைக்கு ஆள் பக்கத்தில் நிற்கவும் தேவையில்லை. கறுப்பு ஒட்டுத்தாளில் தூளை வைத்து உள்ளே விட்டு, பட்டனை அமத்திவிட வேண்டியதுதான். மெஷின் தானாகவே இடம் இடமாக நகர்ந்து படம் பிடிக்கும். கறுப்பில் வெள்ளையாக எது தெரிகிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டு, ஒன்று என்று எண்ணி, பருமனை எழுதிக்கொள்ளும். மூன்று நாலு மணித்தியாலத்தில் பத்தாயிரம் துணிக்கை. மனிதக் கண் ஒரு மாதம் இருந்து எண்ண வேண்டியது.

ஆனால் அதற்கு ஒரு மொக்குத்தனம் உண்டு. இருபது துணிக்கை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் அதற்கு அது இருபது இல்லை. சுற்றிவர ஒரு கோடு, ஒரு பெரிய துணிக்கை. அதனால்தான் தூளை முதலில் ஸ்பிரிட்டில் போட்டு, அதிர்வுத் தொட்டியில் வைத்து உதறி, ஒட்டியிருப்பதையெல்லாம் பிரித்துவிட்டு, ஒரு துளி எடுத்துக் காயவிட வேண்டும். இது யோகேஸ்வரிக்குத் தெரியாத காரியம் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்த ஏப்ரலில் நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, நாளுக்குப் பாதி நேரம் கரன்ட் இல்லை. கப்பல் வராமல் பரிசோதனைக்கூடத்தில் ஸ்பிரிட்டும் முடிந்துபோயிருந்தது. பிறெடி இரண்டு நாள் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு, ஒரு ஜாம் போத்தலில் பட்டறைத் தூசியை அடைத்துக் கொண்டுவந்தான். மாடிவீடு கட்டுகிற கம்பனி தூசி அறிக்கை கேட்டிருந்தது, அன்றைக்கே வேண்டுமாம். ஜெனரேட்டர் மெஷினை மட்டும்தான் இழுக்கும், அதிர்வுத் தொட்டியை இழுக்காது. ஆகவே அவள் காய்ந்த தூளில் கொஞ்சத்தைக் கரண்டிக்காம்பால் எடுத்து ஒட்டுத்தாளில் அமத்திவிட்டு, மெஷினுக்குள் வைத்தாள். புருசன் கீழே சாப்பாட்டுக்கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்று என்று வந்தது. நல்ல செய்திதானே, நல்ல செய்தியை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய் அலுமாரியைத் திறந்தாள். வந்த பொருளில் மிச்சத்தை ஐந்து வருடம் வைத்திருப்பது அங்கே சட்டம். ஜாம் போத்தல் பின்வரிசையில் இருந்தது. மூடியில் பிறெடியின் கையெழுத்தில் "ஹெந்தளை" என்று எழுதியிருந்தது. மூடி இறுகிக் கழலவில்லை. சீலையால் பிடித்துத் திருகித் திறந்தாள்.

இந்தமுறை எல்லாம் முறைப்படி. ஸ்பிரிட்டில் போட்டாள், தொட்டியில் பத்து நிமிடம் வைத்தாள், ஒரு துளி எடுத்தாள், காயவிட்டாள், மேலே மெல்லிய பொன்பூச்சுக் கொடுத்தாள். உள்ளே வைத்து பட்டனை அமத்தினாள். ஒன்றாகத் தெரியட்டும், கட்டியாகத் தெரியட்டும் என்று பிள்ளையாரைக் கேட்டாள். பிறகு புருசனின் மாதாவையும் கேட்டாள். கேட்கிறபோதே எந்தப் பதிலைக் கேட்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திரையில் கறுப்பு வானத்தில் நட்சத்திரம் கொட்டியதுபோலச் சிறுசிறு புள்ளிகள் வந்தன. உடைந்த கண்ணாடி மாதிரிக் கூரான துண்டுகள். எட்டரை ரயில் போனது, படம் நடுங்கியது. அவள் தேத்தண்ணிக்கு எழும்பவில்லை. மெஷின் ஆறுதலாக எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்றேகாலுக்கு முடிந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் துணிக்கை. சராசரி ஒன்று தசம் ஒன்பது. ஐந்துக்குக் கீழே நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. என்ர மனுசனை நானே கொன்றுபோட்டேன் என்று அவள் நினைத்தாள், அப்படியேதான் நினைத்தாள்.

பொறுப்பாளர் ராமசுப்பிரமணியன் சேர் நல்ல மனிதர். ஆனால் பயந்த சுபாவம். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பழைய றிப்போட்ல என் கையெழுத்தும் இருக்கு, யோகேஸ்வரி."

"ஓம் சேர். நான் ஸ்பிரிட்டில பிரிச்சு எடுத்தனான் எண்டு நம்பித்தான் நீங்கள் வைச்சனீங்கள். நான் பிரிக்கேல்ல."

புதுத் தூசி எடுத்துவரச் சொல்லுங்கள், புது அறிக்கை போடுவோம், பழையதை ஏன் கிளற வேண்டும் என்றார். அடுத்த மாதம் தரச்சான்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள், இந்த நேரத்தில் இது தெரிந்தால் இடத்தையே மூடிவிடுவார்கள் என்றார். அது பொய் இல்லை. பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடம்.

"திங்கட்கிழமை அவர் திரும்ப வேலைக்குப் போறார் சேர். மற்ற ஆறு பேரும் இப்பவும் வெட்டிக்கொண்டு நிக்கினம். பழசைப் பிழையெண்டு எழுதினால்தான் டொக்டரும் நம்புவா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தான் கையெழுத்து வைக்கப்போவதில்லை, ஆனால் அவள் அச்செடுப்பதைத் தான் பார்க்கவும் இல்லை என்றார். பழைய அறிக்கை பிழையானது, இதனால் அது மீளப் பெறப்படுகிறது என்று அவளே இரண்டு வரி தட்டி, அடியில் தன் பெயரை மட்டும் எழுதினாள். இனி அங்கே வேலை இருக்காது என்பது தெரிந்தது. அதைப் பற்றி நினைக்கக்கூட அவளுக்கு இடம் இருக்கவில்லை.

நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வரும்வரைக்கும் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தாள். வானம் கருக்கட்டி, மழையும் பெய்யாமல் காற்றும் இல்லாமல் புழுங்கியது. வீட்டில் பிறெடி வேலை உடுப்பைத் தோய்த்து யன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தான். ஒரு காற்சட்டையும் ஒரு சேட்டும் தோய்த்த களையில் கதிரையில் சாய்ந்து மூச்செடுத்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே நிலத்தில் இருந்துகொண்டு, நின்றுவிட்டால் திரும்பத் தொடங்க முடியாது என்ற பயத்தில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, கணக்கு யாருக்குத்தான் பிழைக்காது என்று தேற்றப் பார்த்தான். தேற்றிக்கொண்டிருக்கிறபோதே அவள் தலையைத் தடவிய கை நின்றது.

"அப்ப தூசி உள்ளுக்குப் போறதுதானா?"

"ஓம்."

"அடிமட்டும்?"

"ஓமப்பா. அடிமட்டும்."

கம்பியில் கிடந்த உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே யோகா. இது சரியாச் செய்யல்ல எண்டு ஒரு சொல்லு."

"நீங்கள் ரெண்டு நாள் நித்திரை இல்லாமல் வந்து கீழ நிண்டனீங்கள். அண்டைக்கே வேணுமெண்டு கேட்டனீங்கள்."

"கேட்டன்," என்றான் பிறெடி. "நான்தான் கேட்டன்."

அவளைத் திட்டுவான், எதையாவது தூக்கி எறிவான் என்று அவள் எதிர்பார்த்தாள். எறிந்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் வேறெங்கோ போயிருந்தான்.

"ஹாஜியார் மாஸ்க் வாங்கித் தந்தவர் யோகா. ரெண்டு பெட்டி. தூசி இழுக்கிற பெரிய காத்தாடியும், தூசி அடங்கத் தண்ணி லைனும் போட ஆளும் கூட்டி வந்தவர். நான்தான் தேவையில்ல எண்டன். என்ட வைஃப் பார்த்துத் தந்தது, இது பெரிய தூசி, மூக்கச் சீறினாப் போயிரும் எண்டு எல்லாருக்கும் நான்தான் சொன்னன். பீற்றர் மாஸ்க்கோட நிண்டான். நான் பகிடி பண்ணிக் கழட்ட வச்சன்."

சொல்லிவிட்டு எழும்பினான். இருமல் வந்து அவனைத் திரும்பவும் கதிரையில் இருத்தியது. அது ஓய்ந்ததும் மறுபடி எழும்பி, சேட்டைத் தேடினான். போனில் சொல்லலாமே என்றாள் அவள். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் போன் கேட்காது என்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பட்டறையைப் பூட்டித் திறப்பதால் ஆறு மணி தாண்டியும் வெட்டுவார்கள், ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். படி இறங்குகிறபோது அவன் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கீழே வந்து முச்சக்கர வண்டியின் கம்பியைப் பிடித்தபோது உதடு நீலமாக இருந்தது.

வத்தளைப் பக்கத்து நெரிசலைக் கடந்து ஹெந்தளைக்கு வர ஐந்தேகால் ஆகிவிட்டது. பட்டறை வாசலில் வெள்ளைப் புகை. தெருவோரத்துக் குரோட்டன் இலையெல்லாம் வெள்ளை. உள்ளே நாலு கிரைண்டர் ஒரே நேரத்தில் அலறின. பீற்றர் பம்பலப்பிட்டி வீடொன்றுக்கான பலகையில் தொட்டி ஓட்டையைப் பாதி வெட்டியிருந்தான். தலைமயிர், புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை, முகத்தில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

"மச்சான்," என்று பிறெடி கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற யோகேஸ்வரிக்கே அது கேட்கவில்லை. இன்னொருதரம் கூப்பிட வாயைத் திறந்தான், காற்று வரவில்லை. அவன் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பீற்றரின் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினான். என்ன நடந்தது என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பிறெடியின் நெஞ்சு இழுக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மஷூர் ஹாஜியார் தொப்பியோடு உள்ளறையிலிருந்து வந்தார். ஏழு பேரின் வாழ்க்கையை ஒரு தாளை நம்பி நடத்திய மனிதர், அந்தத் தாளைத் தந்தவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். யோகேஸ்வரி எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். மெஷினைச் சொல்லவில்லை, ஸ்பிரிட்டைச் சொல்லவில்லை.

"நான் தந்த றிப்போட் பிழை. என்ர பிழை. இந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போறது. இவருக்கு வந்தது இதாலதான்."

ஹாஜியார் பக்கத்தில் கிடந்த கற்பலகையில் மெல்ல இருந்தார்.

"என்ன மகள் செல்றீங்க? நான் அத நம்பித்தானே இவங்கள வேலைக்கு உட்ட?"

பீற்றர் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வேலைக்காரன் கேட்கிற கேள்விதான் கேட்டான்.

"அக்கா, உள்ளுக்குப் போனது இருமினா வெளிய வந்துரும்தானே?"

யோகேஸ்வரி வாயைத் திறக்க முந்திப் பிறெடி அவன் தோளில் கையைப் போட்டான்.

"வரும்டா மச்சான். வரும். ஏன் வராம."

பீற்றருக்கு முகம் தெளிந்தது. மற்றவர்களும் மூச்சு விட்டார்கள். ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். திங்கட்கிழமையிலிருந்து மாஸ்க் போடுவோம், தண்ணி லைனும் போடுவோம் என்று ஒரு பேச்சு எழும்பியது. பாதி வெட்டின பலகையை அப்படியே விட்டால் வெடித்துவிடும், இதை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன், நாளைக்குக் காலையில் அந்த வீட்டில் பொருத்தக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பீற்றர் குனிந்து நிலத்தில் கிடந்த பிளக்கை எடுத்தான். பிறெடிக்கு அவனைத் தடுக்க மூச்சு இருக்கவில்லை. அவன் யோகேஸ்வரியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லிவிடாதே என்றும், சொல் என்றும் இரண்டுமாக இருந்தது அந்தப் பார்வை.

"இல்லைத் தம்பி," என்றாள் யோகேஸ்வரி. "வராது. போனது போனதுதான். ஒண்டும் வெளியில வராது."

பீற்றர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான், பிறெடியைப் பார்த்தான். பிறகு பிளக்கைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஒருதரம் இருமிப் பார்த்தான்.